ஒரிஜினலா, லோக்கலா?

கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு: மின்விசிறிக்கு நேர் கீழே, கை வைத்த நாற்காலியில், மனமகிழ் மன்றத்தின் செயலாளரும் ஸ்டோர்ஸ் அதிகாரியுமான சந்திரமோகன். அவருக்கு வலப்பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில், ஸ்டோர்ஸில் சரக்கு இறக்கிச் சரிபார்க்கும் தணிகாசலம். இடப்பக்கம், மேசை மேலேயே ஏறி ஒரு காலைத் தொங்கப்போட்டபடி, தரப் பரிசோதனைப் பிரிவு குணா. அடுத்திருந்த நாற்காலி காலி. அது மொழிபெயர்ப்பாளர் பிரின்சியுடையது. தேர்வாய் கண்டிகையில் இருந்த அந்த ஜப்பான் கம்பெனித் தொழிற்சாலைக்குள் ஜப்பான் மொழி தெரிந்த ஒரே ஆள் அவள்தான். தங்கை கல்யாணத்துக்காகத் திருநின்றவூரில் இருந்தாள்.

மெயின்டனன்ஸ் பிட்டர் எபினேசருக்கு நாற்காலி போடவில்லை. அவன் நின்றுகொண்டிருந்தான். கோபமாக நின்றுகொண்டிருந்தான்.

அவன் கையில் உள்ளங்கையளவு ஒரு விளையாட்டுக் கருவி இருந்தது. நாலு பொத்தான், ஒரு சின்னத் திரை. ஓப்பன் சோர்ஸ் ரகம். உள்ளே எது எப்படி ஓடுகிறது என்பதைச் செய்தவர்களே ஊரறிய வெளியிட்டிருந்தார்கள். விஷயம் தெரிந்த யாரும் சொந்தமாக விளையாட்டு எழுதி அதில் ஏற்றலாம். எபினேசர் எழுதினான். நைட் ஷிப்டு முடிந்து தூங்க வேண்டிய பகல்களை எல்லாம் தொலைத்து எழுதினான்.

விளையாட்டின் பெயர் 'முதல் ஷிப்டு'. கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டிலிருந்து ஒருவன் சைக்கிளில் கிளம்புவான். கன்டெய்னர் லாரி, எருமை, மழைத்தண்ணீர் மூடிய பள்ளம் எல்லாவற்றையும் தாண்டி, சங்கு ஊதுவதற்குள் தொழிற்சாலைக்குள் நுழைந்துவிட வேண்டும். கேரியரில் இருக்கும் சாம்பார் கொட்டினால் ஓர் உயிர் போகும்.

ஆண்டு விழாவுக்காக மன்றம் அந்தக் கருவியில் ஓடும் விளையாட்டுகளுக்கு ஒரு போட்டி அறிவித்திருந்தது. 'ஒரிஜினல் கேம் மட்டும் அனுமதி' என்று பலகையில் எழுதியிருந்தார்கள். ஜெயிக்கும் விளையாட்டைச் செய்தவர் பெயரோடு, ஜப்பானிலிருந்து வரும் பெரிய முதலாளியின் முன்னால், பெரிய திரையில் ஓட்டுவார்கள். அந்தத் திரையில் தன் பெயரைப் பார்க்க வேண்டும். எபினேசருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"கம்பெனி பேரு இன்னா?" என்றார் சந்திரமோகன்.

"எந்தக் கம்பெனி சார்?"

"கேமு செஞ்ச கம்பெனிபா."

"கம்பெனி கிம்பெனி இல்ல சார். நான்தான் செஞ்சேன்."

செயலாளர் தணிகாசலத்தைப் பார்த்தார். தணிகாசலம் உதட்டைப் பிதுக்கினார்.

"அப்போ லோக்கல்," என்றார் செயலாளர். "போர்டுல இன்னா போட்டுகீது? ஒரிஜினல் மட்டும்."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தொழிற்சாலையில் பேரிங்கோ பெல்ட்டோ, வெளிநாட்டு எழுத்து போட்ட அட்டைப்பெட்டியில் வந்து இறங்கினால் அது ஒரிஜினல். அதையே பக்கத்து லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கினால் லோக்கல். அந்த இரண்டு சொற்களுக்கும் சந்திரமோகன் அறிந்த பொருள் இவ்வளவுதான்.

"சார், சொந்தமா செஞ்சாதான் சார் ஒரிஜினல்!"

"சொந்தமா செஞ்சா எப்படிப்பா ஒரிஜினல் ஆவும்? குணா, உன்னுதைக் காட்டு."

குணா சட்டைப் பையிலிருந்து அதே மாதிரி கருவி ஒன்றை எடுத்தான். அவன் அதில் எமுலேட்டர் போட்டு வைத்திருந்தான். அந்தக் காலத்து ஜப்பான் கருவிகளைப் போலவே நடிக்கும் புரோகிராம் அது. அதற்குள் ஆயிரக்கணக்கில் பழைய விளையாட்டுகள். பொத்தானை அழுத்தியதும் ஜப்பான் எழுத்து பளபளத்தது.

"இது ஒரிஜினல்," என்றார் செயலாளர்.

"அது நெட்டுல ஓசியில இறக்கினது சார்! ஊரான் செஞ்சதைத் திருடிக்கினு வந்து வச்சிகீறான். அவன் ஒரிஜினல், ராவும் பகலும் எழுதினவன் லோக்கலா?"

"ஏன் மச்சி டென்ஷனாவுற?" என்றான் குணா. "என்கிட்ட ஆயிரம் கேமு கீது. உன்கிட்ட ஒரே எருமை கீது."

தணிகாசலம் வயிறு குலுங்கச் சிரித்தார். எபினேசர் கதவை அறைந்துவிட்டு வெளியேறினான். கதவின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. மெயின்டனன்ஸ் அவன்தான் என்பதால் திரும்பி வந்து அவனே அதை மாட்டவும் வேண்டியிருந்தது. அதில் கோபம் இன்னும் ஏறிற்று.

"கம்பெனி பேருதான் கேட்டாங்கன்னா, உன் பேரையே போட்டுட்டுப் போயேன்," என்றாள் வீட்டில் அவன் மனைவி ஜெனிபர்.

அது நியாயமாகப்பட்டது. விளையாட்டின் தொடக்கத்தில் 'எபினேசர் கேம்ஸ், தேர்வாய் கண்டிகை' என்று கொட்டை எழுத்தில் போட்டு மறுநாள் கொண்டுபோனான்.

"லோக்கல்னு நீயே எழுதிக் குட்த்துட்டியே," என்றார் சந்திரமோகன். தள்ளுபடியான விளையாட்டு என்று பலகையிலும் எழுதச் சொன்னார். தணிகாசலம் இடம் மிச்சம் பிடித்து, 'எபினேசர் - லோக்கல்' என்று மட்டும் எழுதினார்.

மதியத்துக்குள் கேன்டீன் முழுக்கப் பரவிவிட்டது. "லோக்கலுக்கு ஒரு டீ!" என்று மாஸ்டர் கூவினார். "யாருபா லோக்கல்?" என்று உறுமினான் எபினேசர். டீ அவன் முன்னால் வந்து நின்றது. குடிக்காமல் எழுந்து போனான்.

அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டையும் தள்ளினான்.

"அதுக்கு ஏன் சோத்துமேல கோவம்? எவனோ உன்னை லோக்கல்னா எனக்குப் பட்டினியா?" என்று சீறினாள் ஜெனிபர். "ஜப்பான் எழுத்துதானே வோணும் அவனுங்களுக்கு? எதையாச்சும் நாலு எழுத்தைப் போட்டுத் தொலை. இங்க எவனுக்குப் படிக்கத் தெரியும்?"

எபினேசர் நிமிர்ந்தான். எதிரே அலமாரி. தட்டு, டம்ளர் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த பழைய அட்டைகளின் மேல் அடுக்கியிருந்தன. ஓர் அட்டையின் ஓரத்தில் ஜப்பான் எழுத்துகள் நான்கு தெரிந்தன. முதல் எழுத்து, கையையும் காலையும் விரித்து எவனோ சண்டைக்கு நிற்பதைப் போலவே இருந்தது. அந்த எழுத்து அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தன் பெயரை அழித்துவிட்டு, நான்கையும் கோடு கோடாகப் பார்த்து வரைந்து, சிவப்பில் பளபளக்க விட்டான்.

மறுநாள் கருவியை மேசையில் வைத்ததும் தணிகாசலம் துள்ளி எழுந்தார்.

"ஐயே! இந்தக் கம்பெனியா? எனக்கு நல்லாத் தெரியுமே நைனா! எத்தினி வருசமா பாத்துக்கினு கீறேன் இந்த மார்க்கை!"

சந்திரமோகன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஆமாமா. பெரிய கம்பெனியாச்சே. எங்கியோ அடிக்கடி பாத்துகீறேன்."

குணாவும் விட்டுக்கொடுக்கவில்லை. "சின்ன வயசுல ஆர்.கே.பேட்டையில எங்க மாமா ஊட்டுல இதைத்தான் ஆடுவோம். இதே எருமை. செம ஒரிஜினல் சார் இது!"

எபினேசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஜப்பான்ல எருமை ஏதுடா?"

"ஏன், அவங்க பால் குடிக்க மாட்டாங்களா?"

"ரயில்வே கேட்டு?"

"ரயிலுக்குப் பேர் போன ஊரே அதுதானே மச்சி."

"சாம்பாரு?"

குணா ஒரு கணம் யோசித்தான். "அது சூப்புடா."

விளையாட்டு போட்டிக்குள் நுழைந்தது. நுழைந்தது மட்டுமில்லை, பித்துப் பிடிக்க வைத்தது. இடைவேளையில் வரிசை கட்டி ஆடினார்கள். சங்கு ஊதியும் போக மறுத்தார்கள். "ஜப்பான்காரன் மூளையே மூளை," என்றார்கள். "எருமை வாலை ஆட்டுது பாரு, நம்மாளு எவனாவது இப்படிச் செய்வானா?" என்று எபினேசரிடமே கேட்டார்கள். அந்த வாலுக்காக மட்டும் அவன் ஒரு வாரம் தூங்காமல் இருந்திருக்கிறான்.

இறுதிச் சுற்று கேன்டீனில் நடந்தது. குணாவின் எமுலேட்டர் ஆட்டங்கள் எல்லாம் தோற்றன. சந்திரமோகன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"முதல் பரிசு, புகழ்பெற்ற ஜப்பான் கம்பெனியின் ஒரிஜினல் சைக்கிள் கேமுக்கு! திரையில் அந்தக் கம்பெனியின் பெயரைப் போடுவதில் மன்றம் பெருமைப்படுகிறது!"

எபினேசரால் பொறுக்க முடியவில்லை. பெஞ்சின் மேல் ஏறினான்.

"அது நான் செஞ்ச கேமு! அந்தப் பேரை ஒட்டினதும் நான்தான்! அப்படி ஒரு கம்பெனியே கிடையாது!"

கேன்டீன் முழுக்க அவன் பக்கம் திரும்பியது. கைதட்டப்போகிறார்கள் என்று அவன் நினைத்தான். சந்திரமோகனின் முகம் கறுத்தது.

"லேபிள் ஒட்டினியா?"

அந்தக் கேள்வியின் கனம் எபினேசருக்கு அப்புறம்தான் உறைத்தது. லோக்கல் சரக்கில் வெளிநாட்டு லேபிள் ஒட்டுவதைப் போலப் பெரிய குற்றம் ஸ்டோர்ஸில் வேறு கிடையாது. அதைச் செய்த சப்ளையரை அன்றைக்கே கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"கம்பெனியே இல்லையாம்!" என்று தணிகாசலம் கொதித்தார். "தெனமும் கண்ணால பாக்குறவன் நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், என்னாண்டயே சொல்றான் பாரு!"

"ஒண்ணு, நீ அவங்க கேமைத் திருடிட்டே. இல்லாட்டி, உன் லோக்கல் கேமுல அவங்க பேரைத் திருடிட்டே," என்றார் சந்திரமோகன். "எப்படிப் பார்த்தாலும் திருட்டு அவங்ககிட்டதான். பெரியவரு வர்ற நேரத்துல ஜப்பான் கம்பெனிகூட நமக்குப் பேஜாரா? மரியாதையா அவங்களுக்கு மன்னிப்பு லெட்டரு எழுது. இல்லைன்னா மெமோதான்."

"ஓசியில இறக்கினானே குணா, அவனுக்கு?"

"அவன் எந்த லேபிளையும் மாத்தலியே!"

எபினேசர் மேசையைக் குத்தினான். மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல் வீங்கிப்போய் வீட்டுக்கு வந்தவனுக்கு ஜெனிபர் ஐஸ் வைத்தாள்.

"பேரு போனா போவுது, வேலை போனா இன்னா பண்றது? எழுதித் தொலை," என்றாள். அவள் குரலிலும் கோபம்தான் இருந்தது. அது அவன்மேல் இல்லை. "ஆனா பொய் எழுதாத."

எழுதினான். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த முறைப்படி, இடம் விட்டு, கோடு போட்டு எழுதினான். ஒவ்வொரு வரிக்கும் பேனா தாளைக் கிழித்தது. நான்காவது தாளில்தான் கடிதம் முழுசாக வந்தது.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் செய்த விளையாட்டை நான் செய்ததாகச் சொன்னதற்காக மிகவும் வருந்துகிறேன். இனிமேல் நான் செய்யும் எதையும் நான் செய்ததாகச் சொல்ல மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, எபினேசர்."

சந்திரமோகன் இரண்டு தடவை படித்தார். "நல்லாத்தான் கீது. பணிவா எழுதிகீற," என்றார்.

"தமிழ்ல எழுதிகீறானே சார்?" என்றான் குணா.

"அவ்ளோ பெரிய கம்பெனியில தமிழ் படிக்க ஒரு ஆளு இல்லாமலா பூடுவான்? கவர் மேல மட்டும் பேரு ஜப்பான்லயே இருக்கட்டும். எபி, திரையைப் பாத்து நீயே எழுது. கோடு கோணலாப் போச்சுன்னா தொலைச்சிடுவேன்."

எபினேசர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான். கையையும் காலையும் விரித்து நின்ற அந்த முதல் எழுத்தை எழுதும்போது, தனக்காக அவனாவது ஒரு சண்டை போடக் கூடாதா என்று இருந்தது. தணிகாசலம் ஓரத்தில் பசை தடவினார். சந்திரமோகன் மடித்து ஒட்டி, மேலே மன்றத்தின் முத்திரையை ஓங்கி ஒரு குத்து குத்தினார். ஜப்பான் தலைமை அலுவலகத்துக்குத் தபால் பையை ஏற்றிக்கொண்டு விமான நிலையம் போகும் வேன் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது.

எல்லோரும் கவரோடு வெளியே வந்தபோது, ஷிப்டு பஸ்ஸிலிருந்து பிரின்சி இறங்கினாள். தலையில் வாடிய கல்யாணப் பூ, கையில் லட்டுப் பை.

"வாம்மா, சரியான நேரத்துக்கு வந்தே," என்று சந்திரமோகன் கவரை அவள் முன்னால் நீட்டினார். "எழுத்து சரியா கீதா பாரு. ஒரு கோடுகூடத் தப்பாப் போவக்கூடாது."

பிரின்சி பார்த்தாள். "எழுத்தெல்லாம் கரெக்டாதான் சார் இருக்கு, ஆனா..."

வேன்காரன் ஹாரனை அடித்தான். "கரெக்டா கீதுன்னா போதும்!" என்று சந்திரமோகன் கவரைப் பிடுங்கித் தபால் பைக்குள் போட்டு, வாயைக் கட்டி, வண்டிக்குள் எறிந்தார். வேன் கேட்டைத் தாண்டி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு, வளைவில் மறைந்தது.

பிரின்சி ஒன்றும் புரியாமல் லட்டுப் பையோடு நின்றாள்.

"ஆனா சார், தெனம் நம்ம ஸ்டோர்ஸுக்கு வர்ற அட்டைப்பொட்டி எல்லாத்துலயும் இருக்குமே, 'தலைகீழாக வைக்காதீர்கள்'னு, அதைப் போயி ஏன் சார் கவர் மேல எழுதி அனுப்பினீங்க?"