பிரவுசர் வைத்த பெயர்

அநியாயம் இழைக்கப்பட்டது என் அம்மாவுக்கு. இழைத்தவர் என் அப்பா. நான் பல்கலைக்கழகத்தில் தர்க்கம் படிக்கிறவள். ஆதாரமில்லாமல் வாய் திறக்க மாட்டேன்.

அம்மா இணையத்தில் தையல் சொல்லிக்கொடுக்கிறாள். வெட்டு அளவுப் படங்களைப் பிடிஎஃப் ஆக்கித் தளத்தில் போடுவாள். தளத்தை எழுதியவர் அப்பா. அவர் தொழிலே அதுதான். படம் திரையில் ஜம்மென்று திறக்கும். சேமித்தால்தான் வினை; எல்லாம் ஒரே பெயரில் இறங்கும். கைக்கும் 'டாக்குமென்ட்', காலருக்கும் 'டாக்குமென்ட்', பாக்கெட்டுக்கும் 'டாக்குமென்ட்'. ஒரு மாணவி குழம்பிப்போய், சட்டைக் கழுத்தில் பாக்கெட் வைத்துத் தைத்துவிட்டாள்.

"என்னங்க, ஒவ்வொண்ணும் அதோட பேர்லயே இறங்குற மாதிரி பண்ணிக் குடுங்களேன்."

"நாளைக்குப் பண்றேம்மா."

அந்த நாளை மூன்று மாதம் நீண்டது. இரண்டு மாணவிகள் வகுப்பையே விட்டுப் போனார்கள். நான் சண்டைக்குப் போனேன்.

"அப்பா, இது ஒரே வரி வேலை. நம்ம தளத்தோட சர்வர் ஃபைலை அனுப்பும்போதே, 'திரையில காட்டு, யாராவது சேமிச்சா இந்தப் பேரை வை'ன்னு சேர்த்துச் சொல்லணும். படிச்சுப் பாத்துட்டேன்."

"தர்க்கம் படிக்கிறவ தர்க்கத்தோட நில்லு. பேரு வைக்கிறது பிரவுசர் இஷ்டம். மனுஷன் கையில இல்ல."

"பொய்!"

"அனுபவம்!"

அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாயில் நாலு குண்டூசி இருந்தது.

அந்த வாரம் அப்பாவுக்குப் பதவி உயர்வு ஆசை வந்தது. தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை எழுதினார். முதல் வரி: 'எடுத்த வேலையை நாள் கடத்தாமல் முடிப்பவன் நான்.' அதை அம்மாவின் தளத்திலேயே ஏற்றி, மேனேஜருக்கு லிங்க் அனுப்பினார். "நான் கட்டின தளத்துலயே திறந்தா ஒரு கெத்து" என்றார்.

அவர் குளிக்கப் போனதும் அம்மா வாயிலிருந்து குண்டூசிகளை எடுத்தாள்.

"அந்த ஒரு வரி என்னடி சொன்னே?"

எழுதிக் காட்டினேன். "எல்லாப் படத்துக்கும் போடலாமா?"

"முதல்ல ஒண்ணுல பாப்போம். நல்ல துணியில கத்தரி வைக்கறதுக்கு முன்னாடி துண்டுத் துணியில வெட்டிப் பாக்கறதில்லையா?"

மறுநாள் சாயங்காலம் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"மேனேஜர் என் அறிக்கையைச் சேமிச்சு, கூட்டத்துல பெரிய திரையில திறந்தாரு. மேலே என்ன பேரு தெரியுமா? 'மூணு மாசமா நாளைக்கு'! பன்னெண்டு பேர் சிரிச்சாங்க! யார் வச்ச பேரு அது?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"பேரு வைக்கிறது பிரவுசர் இஷ்டமாச்சேங்க. மனுஷங்க கையிலயா இருக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். குண்டூசி டப்பாவைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"சரிம்மா. எல்லாத்தையும் இப்பவே உக்காந்து மாத்திக் குடுத்துடறேன்."

"வேணாங்க. மிச்சம் நாப்பது படமும் மத்தியானமே மாறிடுச்சு. பிரவுசர் இஷ்டப்பட்டுச்சு."