ஒரு நாளைக்கு இருபத்தாறு மணி நேரம்

"திருப்பதி பஸ் எப்ப சார் வரும்?" என்று கேட்டவரைப் பரந்தாமன் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"பஸ் கிடக்கட்டும். ஏதாவது தொழில் தொடங்குகிற எண்ணம் உண்டா உங்களுக்கு?"

"எனக்கா? ரிட்டையர் ஆயிட்டேன் சார்."

"ஊறுகாய் போடலாமே?"

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்து, பிறகு படிக்கு வந்து, பிறகு தெருவுக்கே போய்விட்டார்.

எழுபத்திரண்டாம் வருஷம் அது. திருத்தணி கடைத்தெருவில், சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் சிறுதொழில் ஆலோசனை நிலையம் திறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அங்கே அலுவலர் பரந்தாமன், குமாஸ்தா பரந்தாமன், கரண்ட் நின்றால் விசிறியும் பரந்தாமன். தொழில் செய்கிறவர்களுக்கு இலவசமாக யோசனை சொல்வது வேலை. இலவசம் என்றதும் ஊருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யோசனை கேட்டு ஒருவரும் மாடி ஏறவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. 'ஆலோசனைக்குச் செலவாகும் மணி நேரத்தை மாதந்தோறும் தெரிவிக்கவும். அதன் அடிப்படையில் அலுவலர்கள் மாற்றப்படுவார்கள்.'

பரந்தாமன் அதை மூன்று தடவை படித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஓர் ஊர், டீச்சர் வேலை பார்க்கும் மனைவி காஞ்சனா ஓர் ஊர். தபாலிலேயே குடித்தனம் நடத்தியவர்கள் இப்போதுதான் ஒரே கூரையின் கீழ் சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள்.

"இன்னொரு மாத்தல் வந்தா நீங்க மட்டும் போய்க்குங்க. நான் வரமாட்டேன்" என்று அவள் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

கீழே இறங்கினார். சைக்கிள் கடை மெஹபூப் பாஷா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், மூஞ்சி பஞ்சராகிக் கெடக்குது?"

விஷயத்தைச் சொன்னார்.

"இவ்ளோதானா? டெய்லி எங்கூட டீ குடிச்சிகினு பேசறீங்களே, அத எழுதுங்க."

"நான் உங்களுக்கு என்ன ஆலோசனை சொன்னேன் பாய்?"

"செயினுக்கு ஆயில் போடச் சொன்னீங்க."

"அது என் சைக்கிள்."

"யாரு சைக்கிளா இருந்தா இன்னா, சொன்னீங்களா இல்லியா?"

பன்னிரண்டு மணி நேரம் என்று அறிக்கை போயிற்று. பதில் வந்தது: 'உங்கள் மணி நேரம் மேலிடத்தின் கவனத்தில் உள்ளது.'

"குறைச்சலா இருக்குன்னு குத்திக் காட்டறாங்க பாய்!"

"அப்ப மெய்யாலுமே ஆளப் புடிக்கணும்" என்றார் பாஷா.

பிடித்தும் விட்டார். டியூப் மாற்ற வந்த அம்மையார்குப்பம் நெசவாளி பங்காருவை, கூட வந்த பாவாவோடு, அதாவது அக்கா புருஷன் கஜபதியோடு, அப்படியே மாடிக்கு ஏற்றினார். இரண்டு கைத்தறியைக் கொடுத்துவிட்டு ஒரு பவர்லூம் போடலாமா என்பது அவர்களுடைய யோசனை.

"முதல்ல கரண்ட் கனெக்ஷன் வாங்குங்க. அப்புறம் தறி வாங்குங்க" என்றார் பரந்தாமன்.

அரை நிமிஷத்தில் ஆலோசனை முடிந்துவிட்டது. அவருக்கே துக்கமாக இருந்தது.

"சரியாச் சொன்னீங்க சார். ஆனா எங்க பாவாவுக்குத் தெலுங்குதான் புரியும்" என்றான் பங்காரு.

தஞ்சாவூர்க்காரரான பரந்தாமனுக்குத் தெலுங்கு தெரியாது. கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு பாஷா மொழிபெயர்த்துச் சொன்னார். பாவா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு நீளமாக ஏதோ பேசினார்.

"என்ன சொல்றார் பாய்?"

"தறி வாங்கிட்டு அப்பால கரண்ட்டு வாங்கினா இன்னான்றாரு."

விளக்கம் தமிழில் புறப்பட்டுத் தெலுங்கில் போய்ச் சேர்ந்தது. பாவா தலையாட்டினார். மறுபடி பேசினார்.

"இப்ப?"

"கரண்ட்டு வாங்கிகினு தறியே வாங்காம உட்டா இன்னான்றாரு."

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பாவா எழுந்து, மற்ற பாவாக்களையும் அழைத்து வருவதாகச் சொல்லிப் போனார். அந்த வீட்டில் ஒரு பாவாவைக் கேட்காமல் இன்னொரு பாவா பல் விளக்குவதில்லை.

அடுத்த வாரம் ஒரு பஸ் பாவாக்கள் வந்து இறங்கினார்கள். மலையிலிருந்து மொட்டையோடு வந்த இரண்டு பேர், தலைக்குச் சந்தனம் கொடுக்கிறார்கள் என்று வரிசையில் நின்று, பவர்லூம் பற்றித் தெரிந்துகொண்டு போனார்கள். கேட்ட ஒவ்வொரு தலைக்கும் தனித்தனியே நேரம் போட்டதில், அந்த ஒரு நாளில் மட்டும் இருபத்தாறு மணி நேரம் ஆலோசனை நடந்திருந்தது.

"ஒரு நாளைக்கு இருபத்துநாலுதானே பாய்?"

"அது மெட்ராஸ்ல சார். இங்க ரெண்டு பாஷை."

நியாயமாகத்தான் பட்டது. அனுப்பிவிட்டார். தந்தி வந்தது: 'நேரில் விசாரிக்க அதிகாரி வருகிறார்.'

"பொய்க்கணக்குன்னு பிடிச்சுட்டாங்க பாய்! காஞ்சனாகிட்ட எந்த முகத்தோட சொல்வேன்?"

"சாட்சிங்கள நான் இட்டாரேன். நீங்க தகிரியமா இருங்க."

அதிகாரி பாலசுப்பிரமணியன் ஜீப்பில் வந்து இறங்கியபோது மாடிப்படி முழுக்கப் பாவாக்கள். அவர்களுக்குள் வழி கண்டுபிடித்து மேலே வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நிஜமாவே இவர் உங்களுக்கு இவ்வளவு நேரம் சொன்னாரா?"

"கம்மியா எழுதிக்கிறாரு சார்!" என்று பங்காரு பாய்ந்தான். "காலைல குந்தினா வெளக்கு வெச்சிதான் எய்ந்துக்கறது. தங்கமான மனுசன்."

"அப்படி என்னதான் சொன்னார்?"

"கரண்ட்டு, தறி, ரெண்டுல ஒண்ண முன்னாடி வாங்கணுமாம் சார்."

"எதை?"

பங்காரு பாவாவைப் பார்த்தான். பாவா கூரையைப் பார்த்தார்.

"அத கேக்கத்தான் சார் நாளைக்கும் வரோம்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. பரந்தாமனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எனக்கு வேண்டியது கிடைச்சுட்டுது மிஸ்டர். இனி சந்தேகமே இல்லை" என்று சொல்லிவிட்டு, முருகனைப் பார்க்க மலைக்குக் கிளம்பினார்.

பரந்தாமனுக்கு உயிர் திரும்பியது. ஜீப் டிரைவர் ராஜவேலுவுக்குச் சுடச்சுட டீயும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்தார்.

"உங்க ஐயாவுக்குத் திருப்திதானே?"

"ரொம்பத் திருப்தி சார்" என்றான் ராஜவேலு, வடையைப் பிய்த்தபடி. "சாயல்குடின்னு தண்ணியில்லாத ஊருல ஒருத்தரு மாசத்துக்கே அரை மணி நேரந்தான் கணக்கு அனுப்பறாராம், அந்த மாதிரி சட்டுனு புரியவைக்கற ஆளுங்கள நல்ல ஊருக்குக் கொண்டாந்துட்டு, இழுத்துகினு இருக்கறவங்கள அங்க தள்றதுக்குத்தான் சார் இந்த மணிக்கணக்கே!"