அப்பா கல்லில் இருந்த எழுத்து

பெரியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு அடைப்புக்குறிகளும் ஒரு கேள்விக்குறியும் நின்றன. கல்லறைக் கல் செதுக்கும் அந்தக் கடையில் கணினி முன் உட்கார்ந்திருந்தவர் திரையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவர் எதைப் பார்த்தாலும் சிமிட்டுவார். அதனால் கடையில் அவருக்குக் கர்சர் என்றே பெயர்.

பின்னால் பெரியவரின் மகன் நின்றிருந்தார். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது அம்மா படுக்கையில் கிடக்கிறார். டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

"அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதாங்க. அப்பா கல்லுல இருக்கறது என்ன மாதிரி எழுத்துன்னு கண்டுபிடிச்சு, தாள்ல போட்டு எடுத்துட்டு வரச் சொன்னாங்க. அதைப் பாத்துட்டா நிம்மதியாக் கண்ண மூடிடுவேங்கறாங்க."

கேட்டுக்கொண்டிருந்த கடை முதலாளி உருகிப்போனார். புருஷன் கல்லில் என்ன எழுத்தோ அதுவே பெண்டாட்டி கல்லிலும் என்பது கடையின் வழக்கம். யாரையும் கேட்கக்கூட மாட்டார்கள். இப்படித் தானாகவே விசாரிக்கும் பாசத்தை அவர் தம் தொழிலில் கண்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த எழுத்து கிடைக்காவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கர்சரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தொலைத்தவர் கர்சரேதான். பெரியவர் கல்லின் பழைய கோப்பைத் திறந்ததுமே ஒரு பெட்டி வந்து, இன்ன எழுத்துக்கான ஃபாண்ட் இந்தக் கணினியில் இல்லை என்று பெயரோடு சொன்னது. பெட்டி வந்தால் படிக்காமல் ஓகே கொடுப்பது அவருடைய கைப்பழக்கம். கொடுத்தார். சேமிக்கட்டுமா என்றது. அதற்கும் ஓகே கொடுத்தார். அத்தோடு அந்த ஃபாண்டின் பெயரும் பெரியவர் போன இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

கடையின் பின்புறம் பழைய கணினி கல் தூசிக்குள் கிடந்தது. அதைத் தட்டி எழுப்பி ஃபாண்ட் ஃபோல்டரைத் திறந்தார். கோப்புகள் மந்தை மந்தையாக இருந்தன. பெயரெல்லாம் ஓர் எழுத்தும் சில எண்களுமாக, லாரி நம்பர் போல. எது எந்த எழுத்து என்று பெற்றவனுக்கே தெரியாது. மொத்தத்தையும் அள்ளிப் புதுக் கணினியில் கொட்டினார். அது மூச்சு முட்டி நின்றுவிட்டது.

பாரத்தைக் குறைக்கலாமென்று வேண்டாதவற்றை அழித்தார். எது வேண்டாதது என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? அன்று வெட்ட வேண்டியிருந்த, ஒரு தலைமையாசிரியரின் கல்லுக்கான எழுத்தும் அதில் போயிற்று. செதுக்குகிறவர் கையில் வந்ததை அப்படியே வெட்டுகிற மனிதர். சற்று நேரத்தில் வழவழப்பான கறுப்புக் கல்லில் முழ உயரத்துக்குக் கேள்விக்குறி ஒன்று நின்றது.

"பேரு இருக்கற எடத்துல கேள்விக்குறி இருந்துதே, ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா அண்ணே?"

"படிச்ச மனுஷன். போற எடத்தப் பத்தி ஏதோ சந்தேகம் போலன்னு விட்டுட்டேன்."

கர்சருக்குச் சிரிப்பு வரவில்லை. மகன் போன் செய்தார். அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டாராம். கண் திறக்கும்போதெல்லாம் எழுத்து வந்ததா என்றுதான் கேட்கிறாராம். முகம் தெரியாத ஒரு கிழவி, தான் படிக்காமல் அழுத்திய ஓகேவுக்காக உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள் என்று கர்சர் நினைத்துப் பார்த்தார். வேலை போவதெல்லாம் அப்புறம்தான் என்று தோன்றியது.

டிரேசிங் பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினார். பெரியவரின் கல்மேல் கவிழ்ந்து படுத்து, தாளை வைத்துத் தேய்த்தார். பக்கத்தில் யாரையோ அடக்கம் செய்துகொண்டிருந்தவர்கள், கல்லைக் கட்டிக்கொண்டு கண்ணைச் சிமிட்டுகிறவரைப் பார்த்தார்கள். பெற்ற பிள்ளை போலிருக்கிறது என்று ஓடிவந்து தூக்கி உட்கார வைத்துத் தேற்றினார்கள். அவர் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல இன்னும் இறுக்கி அணைத்தார்கள். தேற்றிய வேகத்தில் தாள் நார்நாராகக் கிழிந்தது. மிஞ்சியது ஒரே ஒரு 'ழ'.

அந்த 'ழ'வைத் திரையோரம் ஒட்டி வைத்துக்கொண்டு, பழைய கணினியில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தார். ஒன்றின் வால் குட்டை, ஒன்றின் வயிறு பெரிது. கண் எரிந்தது. முதலாளி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போனார். கடைசியில் ஒன்று வால், வயிறு, வளைவு எல்லாம் தாளோடு பொருந்தியது. கோப்பில் அதைப் போட்டதும் கேள்விக்குறி மறைந்து பெரியவரின் பெயர் எழுந்து நின்றது. கர்சருக்கு அழுகை வந்துவிட்டது.

அதை அச்சடித்த தாளோடு மகன், முதலாளி, கர்சர் மூவரும் அம்மாவின் அறைக்குப் போனார்கள். மருந்து வாடை அடித்தது. அம்மா தாளை வாங்கிக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினார். இதேதான் என்றார். முகம் தெளிந்துவிட்டது. மகன் விம்மினார். முதலாளி கைக்குட்டையைத் தேடினார்.

அம்மா கர்சரைக் கிட்டே வரச் சொல்லித் தாளை அவர் கையில் வைத்தார்.

"நல்லாப் பாத்து ஞாபகம் வச்சுக்கோ தம்பி. உன்கிட்ட வேற எந்த எழுத்து இருந்தாலும் போடு, என் கல்லுல இது மட்டும் வேண்டாம்."