மணக்காத மீன்கடை

இங்கிலாந்தில் ஓல்டர்விக் என்னும் ஊரின் கடைத்தெருவுக்கு உயிர் போய்விட்டது என்று வணிக மேம்பாட்டு வட்டாரக் குழு முறைப்படி தீர்மானித்தது. தெருவில் கடை வைத்திருந்தவர்களுக்கு இந்தச் செய்தி கட்டண நோட்டீஸ் மூலம்தான் தெரியவந்தது. உயிர் கொடுக்கும் செலவு அவர்களுடையதாம்!

குழு சும்மா இருக்கவில்லை. பூத்தொட்டிகளைத் தொங்கவிட்டது. ஊதாக் கோட்டு போட்ட வரவேற்பாளர்களை நிறுத்தியது. மழையில் நனைந்தபடி அவர்கள் ஒருவரையொருவர் வரவேற்றுக்கொண்டார்கள். மூடிக் கிடந்த கடைகளின் கண்ணாடியில், திறந்திருக்கும் கடைகளின் படத்தை ஒட்டியது. படத்தில் ரொட்டிக்கடை, பூக்கடை, மீன்கடை எல்லாவற்றிலும் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது.

உண்மையான மீன்கடை நோரிஸ் டாப்லியுடையது. ஒருநாள் குழுவின் மேலாளர் பிலிப்பா அம்மையார் மூக்கில் கைக்குட்டையோடு அங்கே எழுந்தருளினார்.

"மிஸ்டர் டாப்லி, உங்க கடை நாறுதுன்னு புகார்."

"மீன்கடை மேடம். ரோஜாவா மணக்கும்?"

"பக்கத்துக் கடையும் மீன்கடைதானே? அதுமேல ஒரு புகாரும் இல்லையே."

"அடக் கடவுளே, அது படம்!"

"இருக்கட்டுமே. சுத்தமா இருக்கு, பாக்க லட்சணமா இருக்கு. உங்க கண்ணாடிக்கும் ஒண்ணு ஒட்டிடறோம்."

"ஒட்டிட்டா கடை தொறந்திருக்குன்னு எவனுக்குத் தெரியும்? நான் பொழைக்கிறதா வேணாமா?"

"படத்துல தொறந்துதான் இருக்கும்" என்று ஆறுதல் கூறிவிட்டு அம்மையார் விடைபெற்றார்.

நல்லவேளை, குழு நீடிக்கலாமா கூடாதா என்று தெருக்காரர்கள் தபாலில் ஓட்டுப் போடும் சமயம் அது. நோரிஸ் அத்தனை கடைக்காரர்களையும் பப்பில் கூட்டிக் கொட்டித் தீர்த்தார். முடிதிருத்தும் செட்ரிக் பீர் ததும்ப மேசையைக் குத்தினார்.

"ஒழிச்சுக் கட்டறோம்டா!"

எல்லோரும் ஏகமனதாகக் குடித்தார்கள்.

முடிவு வந்தது. குழுவுக்கே மாபெரும் வெற்றி. மூடிய கடைகளின் சொந்தக்காரர்களுக்கும் ஓட்டு உண்டல்லவா? படம் ஒட்டியதில் வெள்ளையடிக்கும் செலவு மிச்சமென்று அவர்கள் ஒருவர் விடாமல் ஆதரித்திருந்தார்கள். எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு ஓட்டு.

"ஏன்டா செட்ரிக், நீ போடலையா?" என்றார் நோரிஸ்.

"நீங்கல்லாம் போடுவீங்க, நான் ஒருத்தன் போடாட்டி என்ன கொறஞ்சுடப் போவுதுன்னு விட்டுட்டேன்டா. அந்த ஒரு ஓட்டு உன்னோடதுதானே? சிங்கம்டா நீ!"

நோரிஸும் அப்படித்தான் விட்டிருந்தார்.

மறுநாள் ஆட்கள் வந்து அவர் கடைக் கண்ணாடியில் படம் ஒட்டினார்கள். அம்மையார் நேரில் மேற்பார்வையிட்டார். நோரிஸ் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"விசாரிச்சுப் பாத்துட்டேன், எங்கள்ல ஒருத்தனும் போடலை. அப்போ அந்த ஒரு ஓட்டு யாரு மேடம் போட்டது?"

அம்மையார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான்தான். எங்க ஆபீசும் இந்தத் தெருவுலதானே இருக்கு? அந்தக் கட்டணத்தைக் கட்டி மாளலை. நீங்கல்லாம் சேந்து ஒழிச்சுடுவீங்கன்னு நம்பிட்டு இருந்தேன், மிஸ்டர் டாப்லி!"