கண்ணைக் கட்டிக்கொண்டு பெண் பார்த்தேன்

இந்தச் சிங்கப்பூரிலேயே கண்ணைக் கட்டிக்கொண்டு பெண் பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். (பெருமைக்குச் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்வாள். அது இன்னும் மோசமாக இருக்கும்.)

அப்போது எனக்குச் சதுரங்கப் பைத்தியம். ஐரோப்பாவில் சில மேதாவிகள் பலகையைப் பார்க்காமலே, அத்தனை காய்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் பல பேரோடு ஆடி ஜெயிக்கிறார்களாம்! நான் வேலை பார்த்த கப்பல் கம்பெனியில் இந்தப் பேச்சு வந்த அன்றே எனக்குத் தலைக்கேறிவிட்டது. ரிக்‌ஷாவில் போகும்போதும் மனசுக்குள் காய் நகர்த்துவேன். ரசமா மோரா என்று கேட்டால் "குதிரை" என்பேன்.

இந்த லட்சணத்தில் சித்தப்பா என்னைச் சிராங்கூன் ரோட்டில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க அழைத்துப் போனார். நம்மவர் வீட்டுப் பெண்கள் இந்த ஊரில் அரிதாக இருந்த காலம் அது.

"இந்த இடமும் தட்டிப்போச்சுன்னா உனக்குக் கல்யாணமே கிடையாதுடா. வாயை மூடிக்கிட்டு இரு" என்றார்.

மூடிக்கொண்டுதான் இருந்தேன், பெண்ணின் அப்பா சதுரங்கப் பலகையை எடுத்து வைக்கும்வரை.

"ஆடுவீங்களா தம்பி?"

"பார்க்காமலே ஆடுவேங்கய்யா!"

அடுத்த நொடி அங்கவஸ்திரத்தால் கண்ணைக் கட்டிக்கொண்டேன். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டாராம்.

அடடா, என்ன ஆட்டம்! அவர் தன் காயை நகர்த்திவிட்டு வாயால் சொல்வார். நான் சொல்வதையும் அவரே நகர்த்துவார். இருட்டுக்குள் ஒவ்வொரு காயும் பளிச்சென்று நின்றது! நடுவில் வளையல் சத்தம், காபி வாசனை. "அங்கேயே வையுங்க" என்றேன். (வந்தது பெண்!) சித்தப்பா இருமினார். மறுபடியும் இருமினார்.

"தண்ணி குடிங்க சித்தப்பா" என்றேன்.

பெண்ணின் அப்பா வெற்றிலை எச்சிலைத் துப்ப ஜன்னலோரம் போய்த் திரும்பி வந்ததும், நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"மந்திரியை ராஜாவுக்கு எதிரே வையுங்க! ஆட்டம் முடிஞ்சுது!"

"மந்திரியே இல்லியே தம்பி."

"இருக்குங்கய்யா! யானைக்குப் பக்கத்துல! என் ஞாபகம் தப்பாது!"

"சத்தியமா இல்ல தம்பி."

கட்டை அவிழ்த்து எறிந்தேன். கட்டம் காலி. கதவோரம் ஒரு பெண், மூடிய கையோடு, சிரிப்பை அடக்க முடியாமல் நின்றாள்.

"எல்லாக் காயும் எங்க நிக்குதுன்னு தெரியுதுல்ல? இவ்வளவு நேரம் நான் எங்க நின்னேன்னு சொல்லுங்க, தர்றேன்."

"விசாலாட்சி!" என்று அப்பா அதட்டினார்.

"தெரியலீங்க" என்றேன். "ஆனா இனிமே மறக்காது."

விசாலாட்சி மூடிய கையோடே உள்ளே போனாள். பின்னாலேயே போன அப்பா, திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. "பிடிச்சிருக்காம்!" என்றார். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. சித்தப்பா அப்போதுதான் காபியைத் தொட்டார்.

அந்தப் பலகை எனக்கே சீதனமாக வந்தது. மந்திரி மட்டும் வரவில்லை. அதன் இடத்தில் இன்றுவரை ஒரு நூல்கண்டைத்தான் நிறுத்தி ஆடுகிறேன். வீட்டில் நான் மூக்குக்கண்ணாடியைத் தேடினாலும், குடையைத் தேடினாலும், பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள்:

"அம்மா கையைப் பாருங்கப்பா!"