கிணற்று நீர் குறித்து ஓர் அறிவிப்பு

எங்கள் சர்க்கார் ஆராய்ச்சிக் கல்லூரியின் பிரின்சிபால் துரை லீவில் சீமைக்குப் போய்த் திரும்பியபோது ஒரு புது நாகரிகத்தையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். ஆராய்ச்சி செய்கிறவர்கள் பத்திரிகைக்காரர்களோடு பழகத் தெரிந்திருக்க வேண்டுமாம். அங்கே எல்லாக் கல்லூரிகளும் பழகுகின்றனவாம். பினாங்கு மட்டும் சும்மா இருக்கலாமா? உடனே ஒரு விதி பிறந்தது.

ஏற்கெனவே பத்திரிகையில் வெளிவந்த விஷயத்தைப் பற்றி மட்டுமே ஊழியர்கள் பத்திரிகையோடு பேசலாம். அதுவும் அங்கீகரிக்கப்பட்ட சொற்களில். வெளிவராத விஷயத்தை வீட்டிலும் பேசலாகாது. வீட்டார் பத்திரிகைக்காரருக்கு உறவாக இருக்கக்கூடும். பத்திரிகைக்காரர் வந்தால் முகமலர்ச்சியோடு வரவேற்க வேண்டும். இதை டைப் அடித்தவன் நான். சிரிப்பு வந்தது, ஹெட் கிளார்க் செபாஸ்டியன் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டது.

அந்த வாரமே, தண்ணீர் சோதிக்கும் வேதநாயகம் ஊரின் ஜெலுத்தோங் பகுதியில் ஒரு கிணற்றில் வயிற்றுக்கடுப்புக் கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார். அது எங்கள் சந்துக் கிணறு. அவரும் நானும் அங்கேதான் குடியிருந்தோம். அவர் மனைவி அன்னமேரி அந்தத் தண்ணீரில்தான் பானை நிரப்புவாள். மனுஷன் வெளிறிப் போய்ச் செபாஸ்டியனிடம் ஓடினார்.

“அண்ணே, தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லணும். பேப்பர்ல போட்டாத்தான் சனங்களுக்குத் தெரியும்.”

“போடட்டும். யாரு வேணாங்குறது?”

“நான் சொன்னாத்தானே அண்ணே போடுவாங்க?”

“அவங்க போட்டாத்தான் நீ சொல்லலாம்.”

எப்படியோ மோப்பம் பிடித்து, தமிழ்ப் பத்திரிகை நிருபர் சீனி முகம்மது வந்து சேர்ந்தார். வேதநாயகம் விதிப்படி முகம் மலர்ந்து காப்பி கொடுத்தார்.

“கிணத்துல கிருமியாமே அண்ணே?”

“காப்பி குடிங்க தம்பி.”

“உண்மையா, இல்லையா?”

“நல்லாக் கொதிக்க வச்ச தண்ணி தம்பி. பயப்படாம குடிங்க.”

நிருபர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். மறுநாள் பத்திரிகையில், ஜெலுத்தோங் கிணற்றில் கிருமி என்று பேச்சு அடிபடுவதாகச் செய்தி வந்தது.

விஷயம் வெளிவந்துவிட்டதால் வேதநாயகம் இனி தாராளமாகப் பேசலாம். பேச வேண்டியதைச் செபாஸ்டியன் எழுதித் தந்தார். கிணற்று நீர் தூய்மையானது. பொதுமக்கள் பீதி அடையத் தேவையில்லை.

“இது பொய்யாச்சே அண்ணே.”

“படிச்சுப் பாரு, எவ்வளவு அமைதியா இருக்கு. துரைக்கு அமைதிதான் வேணும் லா.”

வேதநாயகம் கையெழுத்துப் போட்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் வயிற்றெரிச்சல்தான், ஆனால் டைப் அடிக்கிறவனுக்கும் வாய்ப்பூட்டு உண்டே.

எங்கள் சந்தில் பிச்சைமுத்துவின் காப்பிக் கடையில் அறிவிப்பை உரக்கப் படித்தார்கள். பீதி அடையத் தேவையில்லை என்ற இடம் வந்ததும் கடையே எழுந்து நின்றது.

“கவர்மெண்டே தேவையில்லைங்குதா? அப்ப விஷயம் பெருசுதான்,” என்றார் பிச்சைமுத்து.

பொழுது சாய்வதற்குள் எங்கள் சந்தில் எல்லா அடுப்பிலும் தண்ணீர் கொதித்தது. ஒருவருக்கும் வயிறு கலங்கவில்லை. ஆகவே அறிவிப்பு முற்றிலும் உண்மை என்று கண்டு, துரை செபாஸ்டியனுக்குக் கைகொடுத்தார். வேதநாயகத்துக்கு, வீண் பீதி கிளப்பியதற்காக ஓர் எச்சரிக்கை கிடைத்தது.

அவர் விடவில்லை. ஆள் வைத்துக் கிணற்றை இறைத்து, தூர் வாரி, மருந்து போட்டு, மறுபடியும் சோதித்தார். கிருமி அடியோடு போயிருந்தது. இதைத் தெரிவிக்கத் துரையே மகிழ்ச்சியோடு அனுமதித்தார். சொற்கள்தான் ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்டவை இருக்கின்றனவே. கிணற்று நீர் தூய்மையானது. பொதுமக்கள் பீதி அடையத் தேவையில்லை. கல்லூரி முதன்முறையாக ஓர் உண்மையை அச்சேற்றியது.

சந்து கதிகலங்கிப் போயிற்று.

“ரெண்டாந்தரம் சொல்றான் பாரு. இனிமே காய்ச்சினாலும் ஆகாது,” என்றார் பிச்சைமுத்து.

டைப் அடிக்கும்போது நான் நம்பினேன். கடையில் உரக்கப் படித்துக் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எத்தனை அறிவிப்பைப் பார்த்தவர்கள் நாங்கள், எங்களையா ஏமாற்றுவது? கிணற்றைப் பலகை போட்டு மூடினோம். எங்கள் கம்பத்துக் குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் ஓடைக்குக் குடத்தோடு போனோம். ஓடையைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு வரிகூட வந்ததில்லை. ஆகவே அது நல்ல தண்ணீர். நல்ல தண்ணீரை எதற்குக் காய்ச்ச வேண்டும்?

ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டிலில் வேதநாயகம் கிடந்தார். அன்னமேரி கஞ்சியோடு வந்தாள். அவளும் பாதி ஆளாகியிருந்தாள்.

“அந்தக் கிணத்துத் தண்ணி நெசமாவே நல்லதா?”

“நானே சோதிச்சேன்.”

“அதை வீட்டுல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“சொன்னேனே அன்னம்.”

“சொன்னீங்க. பேப்பர்ல இருந்ததை ஒரு எழுத்து மாத்தாம அப்படியே சொன்னீங்க. அதைக் கேட்டப்புறம்தான் குடத்தை எடுத்துக்கிட்டு ஓடைக்குப் போனேன்.”