நொத்தாரிசு கண்ணை மூடியிருந்த தைப்பூசம்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

லண்டனில் இருக்கும் அன்பு மருமகன் சயந்தனுக்கு, உன் தாய்மாமன் பாலசுந்தரம் முருகனை முன்வைத்து எழுதுவது.

நானும் மாமியும் சுகமாக இருக்கிறோம் என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் வழக்கென்று புதுக்கடைக் கோர்ட்டுப் படியில் ஏறி இறங்கத் தொடங்கிய நாளிலிருந்து, நிரூபிக்க முடியாத எதையும் எழுதக் கை கூசுகிறது. மாமிக்கு முழங்கால் நோ, எனக்கு நித்திரை இல்லை. இரண்டுக்கும் டொக்டரின் துண்டு இருக்கிறது. மற்றப்படி சுகம். நீயும் ஹம்சிகாவும் பிள்ளையும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதற்கு ஆதாரம் கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் உன்னால் வந்த வினை. கோபிக்காதே, கோபித்தாலும் பரவாயில்லை. கலியாணம் முடித்த கையோடு இந்த மேல்வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர்கள் நாங்கள். அன்றைக்கு வீட்டுக்காரர், ஸாலிஹின் வாப்பா, ஒங்கட வீடு மாதிரி இரிங்க மாஸ்டர் என்று சொல்லித் கதவுத் திறப்பைக் கையில் தந்ததோடு சரி, எழுத்துமில்லை, கையெழுத்துமில்லை. வாப்பா மௌத்தாகி, கீழ்வீட்டில் ஸாலிஹ் தலையெடுத்து, அவருக்கும் என்னைப்போல் தலை நரைத்து, நோன்புக்குக் கஞ்சி மேலே வர, தைப்பொங்கலுக்குப் பொங்கல் கீழே போக, காலம் அப்படியே ஓடிவிட்டது. பிறகு நீ விடுமுறைக்கு வந்தாய். வந்து, கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு, "எழுத்தில்லாதது ஒண்டும் கோர்ட்டில நிக்காது மாமா. நாளைக்கு ஸாலிஹின்ரை மோன் எழும்பு எண்டால் நீங்கள் எழும்பத்தான் வேணும்" என்றாய். வாழ்நாள் முழுக்கக் கேத்திரகணிதம் படிப்பித்து, நிறுவல் இல்லாத விடைக்கு ஒரு புள்ளியும் போடாத மனுசன் நான். அன்றைக்குப் போன நித்திரை இன்னும் திரும்பி வரவில்லை. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்ட கதை அங்கேதான் தொடங்கியது.

அடுத்த நாளே கீழே போய் ஸாலிஹிடம் சொன்னேன். மனுசனுக்கு முகம் வாடிவிட்டது. "எனக்கும் ஒங்களுக்கும் நடுவுல என்னத்துக்கு மாஸ்டர் பேப்பர்?" என்று கேட்டார். ஆனாலும் என் மனம் நோகக்கூடாதென்று ஐந்து வருஷத்துக்கு ஒரு குத்தகை உறுதிப் பத்திரம் எழுதச் சம்மதித்து, தனக்குத் தெரிந்த உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துகிற சிங்கள நொத்தாரிசு ஒருவரையும் பிடித்து வந்தார். அவருக்கு நேரம் கிடைத்தது நீ லண்டனுக்குத் திரும்புகிற அன்று காலை. பஞ்சாங்கத்தைப் பார்த்தால் அட்டமி, அதுவும் ராகுகாலம். அட்டமியில் எழுதின வீடு நிலைக்காது என்று மாமி ஒற்றைக்காலில் நின்றா. நொத்தாரிசோ வேறு நாள் இல்லை என்கிறார், உனக்கோ பிளேனுக்கு நேரமாகிறது. அப்போதுதான் மாமி அந்த மகா யோசனையைச் சொன்னா. "கையெழுத்தை இண்டைக்கு வையுங்கோ, திகதியை முந்தின கிழமைத் தைப்பூசமாப் போடுங்கோ. ஆர் பாக்கப்போகினம்?" நொத்தாரிசு சிரித்தார். அவுலக் நே, ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்லித் தைப்பூசத் திகதியைப் போட்டு, எல்லாரும் அன்று தன் கண்முன்னே கையொப்பமிட்டதாக அத்தாட்சியும் எழுதி முத்திரையைக் குத்தினார். சாட்சி என்று நீ கையெழுத்து வைத்தாய், அரைப்பக்கத்தை அடைத்துக்கொண்டு. ஸாலிஹின் கடையில் நிற்கிற அலவி மற்றச் சாட்சி. பிறகு ஸாலிஹின் மனைவி லுத்பியா அனுப்பிய வட்டிலப்பத்தை எல்லாருமாகச் சாப்பிட்டோம். எனக்கு அன்றைக்கு வலு சந்தோஷம். எனவே நிறுவப்பட்டது என்று மனத்துக்குள் எழுதிக் கீழே கோடும் போட்டுவிட்டேன்.

போன வருஷம் ஸாலிஹ் வீட்டைத் தன் மகன் ரிஸ்கானின் பேருக்கு மாற்றினார். ரிஸ்கான் கெட்ட பிள்ளை இல்லை. என்னிடம் கணக்குப் படித்தவன்தான், ஆனால் காலி வீதியின் இரண்டு பக்கமும் அடுக்குமாடிப் பிளட்டுகளாக எழும்பிக்கொண்டிருக்கத் தன்னிடம் மட்டும் ஒரு பழைய வீடு குந்திக்கொண்டிருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. எழும்பச் சொல்லிச் சட்டத்தரணியின் கடிதம் வந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உறுதியைக் காட்டினேன். அவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அந்த உறுதியே பொய் என்று வழக்குப் போட்டான். தவணைக்குத் தவணை ஸாலிஹும் நானும் ஒரே த்ரீவீலில்தான் புதுக்கடைக்குப் போகிறோம். வழக்கு வேறு, த்ரீவீல் வேறு. லுத்பியா இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சோறு கட்டித் தருவா. உள்ளே போனதும் அவர் மகனோடு அந்த மரவாங்கில், நான் இந்த வாங்கில். சாப்பாட்டு நேரத்தில் பார்சல் அவருடைய பையில் இருப்பதால் நான் எதிர்த்தரப்பு வாங்குக்குப் போகவேண்டியிருக்கிறது. யார் என் பக்கம், யார் எதிர்ப்பக்கம் என்று எனக்கே விளங்கவில்லை.

போன தவணையில்தான் மானம் கப்பலேறியது. ரிஸ்கானின் சட்டத்தரணி எழும்பி ஒரு படத்தை நீதிபதியிடம் நீட்டினார். தைப்பூசம் என்றால் பூரணை, பூரணை என்றால் போயா, போயா என்றால் நாடு முழுக்க லீவு. இதை ஒரு கணக்கு வாத்தியாரும், அவருடைய பெண்சாதியும், லண்டனில் இருந்து வந்த கெட்டிக்கார மருமகனும் சேர்ந்திருந்தும் ஒருவருக்கும் தோன்றவில்லை. படத்தில் எங்கள் நொத்தாரிசு வெள்ளை உடுப்போடு களனி விகாரையில் சில் விரதம் எடுத்து, அரசமரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். அவருடைய மகளே பேஸ்புக்கில் போட்ட படம். நாள் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்த மனிதரின் கண்முன்னே நீங்கள் எப்படிக் கையொப்பமிட்டீர்கள் என்று என்னைக் கேட்டார். மொழிபெயர்ப்பு முதலியார் தமிழில் சொல்ல முதலே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் யோசிக்க நேரம் வேண்டுமென்று விளங்காத மாதிரி நின்றேன். பொய் சொல்லமாட்டேன் என்று அந்த மனுசன் விரதம் எடுத்த அதே திகதியைப் போட்டுத்தான் நாங்கள் அவரைப் பொய் எழுத வைத்திருக்கிறோம். அது வேறு கிடந்து மனத்தை அறுக்கிறது.

அதோடு விட்டார்களா? எங்கள் கோயில் தைப்பூசப் பூசையை யூடியூப்பில் நேரலையாகக் காட்டியிருக்கிறது. உறுதி எழுதியதாகச் சொல்லுகிற அதே காலையில் நான் முன்வரிசையில் வேட்டியோடு இருந்து, அபிஷேகத்துக்கு நடுவில் உள்நாக்குத் தெரியக் கொட்டாவி விடுகிறேன். நீதிபதி அந்த இடத்தை இன்னொருக்கால் போடச் சொன்னார். அப்படியென்றால் கோயிலில் இருந்துகொண்டா உறுதி எழுதினீர்கள் என்று சட்டத்தரணி கேட்டார், ஓம் என்றேன். அப்போது களனியில் இல்லையா என்று கேட்டார்; களனியிலும்தான் என்று வாய் சொல்லிவிட்டது. இரண்டு புள்ளிகளுக்கூடாக ஒரு நேர்கோடுதான் போகலாம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன், ஒரே நேரத்தில் இரண்டு புள்ளியிலும் நின்றேன். ஸாலிஹ் அந்த வாங்கில் இருந்து லேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அடுத்தது நீ. தைப்பூசம் முடிந்து இரண்டு நாளுக்குப் பிறகுதான் நீ கட்டுநாயக்காவில் இறங்கினாய். சாட்சியின் பாஸ்போர்ட்டைப் பார்க்கவேண்டும் என்று இப்போது கேட்டிருக்கிறார்கள். ஆகவே தம்பி, உடனே ஒரு சத்தியக் கடதாசி எழுதி அனுப்பு, இல்லையென்றால் அடுத்த தவணைக்கு நீயே வா. தைப்பூசத்தன்று நீ கொழும்பில் நின்றதாகச் சொல்லு. பொய் சொல்லச் சொல்லவில்லை, உன் மாமன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. நின்ற மாதிரிச் சொல்லு என்கிறேன். மனத்தால் எங்களோடு நின்றாய் என்று சொல்லலாம், அது உண்மைதானே. பாஸ்போர்ட்டை ஒருக்கால் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கப் போட முடியுமா என்று ஹம்சிகாவைக் கேட்டுப்பார். வேண்டாம், கேட்காதே, அது பாவம். ஆனால் தற்செயலாகத் தோய்ந்துபோனால் யார்தான் என்ன செய்ய முடியும்?

கிழவன் பகிடி விடுகிறான் என்று நினைக்காதே. எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வழக்கில் தோற்றால் மாமியைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்? போன கிழமை தெஹிவளையில் ஒரு பிளட் பார்க்கப் போனோம். லிப்ட் வேலை செய்யவில்லை, மாமி கைபிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினா. ஜன்னலைத் திறந்தால் அடுத்த பிளட்டின் ஜன்னல். எதற்கும் ஒரு குறை சொல்லுகிற மனுசி, ஒரு குறையும் சொல்லாமல் இறங்கி வந்தா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திகதியை மாற்றச் சொன்னது தான்தானே என்று இப்போது அடுப்படியில் நின்று தனியாக அழுகிறா. உன்னால் வந்தது என்று நான் மேலே எழுதியது கோபத்தில். அவவால் வந்தது என்று மட்டும் ஒருவரும் சொல்லக்கூடாது.

முருகன் உங்களை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடு, சட்டம் படிப்பிக்காதே. ஹம்சிகாவுக்கு மாமியின் அன்பு. எதிர்த்தரப்பும் உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னது.

மேலே கண்ட யாவும் உண்மையென உறுதிகூறும்,
உன் மாமா
க. பாலசுந்தரம்

பி.கு: மேலே எழுதியது எல்லாவற்றையும் மறந்துவிடு. கடித உறையை ஒட்டப்போகிற நேரத்தில் என் சட்டத்தரணி யதுஷா வீட்டுக்கே வந்தா. உறுதி எழுத முதல் நாங்கள் எங்கே இருந்தோம் என்று இன்றைக்குத்தான் கேட்டா. இதே வீட்டில்தான், ஸாலிஹின் வாப்பா வாயால் சொல்லித் தந்ததிலிருந்து என்றேன். இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டா. எழுத்தில்லாதது கோர்ட்டில் நிற்காது என்று மருமகன் சொன்னபடியால் மறைத்துவிட்டேன் என்றேன். பிள்ளை தலையில் கையை வைத்தா.

"மாஸ்டர், வாயால தந்த அந்தப் பழைய வாடகைதான் உங்களைக் காப்பாத்தும். அந்தக் காலத்து வாடகைக்காரரைச் சட்டம் லேசில எழுப்ப விடாது. இந்த உறுதி நிண்டால்தான் ஐஞ்சு வருஷம் முடிய நீங்கள் எழும்பவேணும். இவ்வளவு நாளும் ஏன் இதைக் காப்பாத்தப் பாடுபட்டனீங்கள்?"

விளங்குகிறதா? எனக்கு இன்னும் முழுக்க விளங்கவில்லை. நான் நேர்மையானவன் என்று நிரூபித்தால் தெரு. பொய்யன் என்று நிரூபித்தால் சாகும்வரை வீடு. ரிஸ்கான் காசு கொடுத்துப் பிடித்த சட்டத்தரணி இத்தனை தவணையும் எனக்காகத்தான் வாதாடியிருக்கிறார். சோற்றுப் பார்சல் பாத்திரத்தை வாங்க மேலே வந்த ஸாலிஹ் வாசலில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டார். "கோர்ட்டுல கேட்டா வாப்பா தந்தத நான் உள்ளபடி சொல்லுவேன் மாஸ்டர். கேக்கும் வரைக்கும் மகன்ட்ட வாய் தொறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தை மறந்து கீழே போய்விட்டார். மாமி இப்போது பலமாக அழுகிறா, இது வேறு அழுகை.

ஆகவே தம்பி, கட்டாயம் வா. வந்து, தைப்பூசத்தன்று நீ இந்த நாட்டிலேயே இல்லை என்ற உண்மையைச் சொல்லு. கொஞ்சம் வெட்கப்பட்டுச் சொல்லு, அப்போதுதான் நம்புவார்கள்.